விருந்தாளிப் பேர்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் போட்டால் “ஆங், ஆங்” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உங்கள் பிள்ளையிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். காது கேட்கவில்லை என்று இதிலிருந்து தப்பிக்க முடியாது.

தையல் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை எடுத்திருக்கிறேன். ஏறிப்போக இரும்புப் படி. கட்டிலில் உட்கார்ந்தபடியே பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் தெரிகிறது. எந்த பஸ் வந்தது, எது வரவில்லை என்று லீவு நாளில்கூட எனக்குத் தெரிந்துவிடும். ஒன்பது வருஷம் டிக்கெட் கவுன்டரில் குனிந்த தலை நிமிராமல் இருந்தவளுக்கு, இப்போது கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, மைக். டைம் கீப்பர் அம்மா என்று கூப்பிடுகிறார்கள். ஆறு மாதம் சரியாகப் பார்த்தால் வேலை நிரந்தரம். நடுவில் புகார் என்று ஒன்று வந்தால் மறுபடி அதே கவுன்டர்தான்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு அறிவிப்பையும் இந்த ஊர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுச் சொச்சம் தடவை. பலகையில் எழுதியிருக்கிறபடி ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் டீக்கடைப் பக்கம் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அவர்களுக்குள் வேறு மாதிரி சொல்லிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் பிறந்த ஊர்தானே, எப்படிச் சொல்வது? உங்கள் வாயால் இந்த ஊர் பேரை நான் கேட்டதே இல்லை.

கிளம்பும்போது வாசலில் நீங்கள் சொன்னது நினைவில் இருக்கிறது. யார் வீட்டு மருமகள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்றும் நான் கேட்கவில்லை, நல்ல பிள்ளை மாதிரி. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், முன்னால் அல்ல.

உங்கள் மருமகள்


ஜனவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் புருஷனும் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷர் மாற்ற வேண்டும் என்று உன் புருஷனிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. நாளைக்கு என்கிறான்.

மைக்கை வாயோடு ஒட்டி வைத்துப் பேசாதே. நாலு விரல் தள்ளி இருக்க வேண்டும். நேராகப் பேசாமல் கொஞ்சம் ஓரமாகப் பேசினால் காற்று அடிக்காது. ஸ்விட்சைப் போட்டதும் உடனே ஆரம்பிக்காதே, மனசுக்குள் இரண்டு எண்ணிவிட்டு ஆரம்பி. ஒலிபெருக்கி ஹாரன் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று ஒருமுறை வெளியே போய்ப் பார். சுவரைப் பார்த்து இருந்தால் எதிரொலிக்கும்.

இரும்புப் படியில் மழை நாளில் வழுக்கும், பார்த்து இறங்கு. நான் வாசலில் சொன்னதை மறந்துவிடாதே.

மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். குழாய் ஒழுகல் நின்றதா? நிற்காவிட்டால் அடியில் வாளி வைத்துவிட்டு, அதை உங்கள் பிள்ளை கால் இடறுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். மறுநாளே வாஷர் வந்துவிடும்.

நாலு விரல் யோசனை பிரமாதம். குரல் அப்படியே மாறிவிட்டது. ஹாரன் ஒன்று நிஜமாகவே கழிப்பறைச் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது. உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்து நீங்கள் முப்பது வருஷம் குடோன் கணக்கர்.

ஹாரனைத் திருப்ப மைக் செட் கடைக்காரர் வந்தார். ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கடை. வயசானவர், ஆனால் ஏணியில் ஏறுவதைப் பார்த்தால் வயசு தெரியாது. நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நாலு விரல் தள்ளி வைக்கணும்னு யாரும்மா சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டார். “வீட்டுல பெரியவங்க” என்றேன். “ஓகோ” என்று பல்லில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். போகும்போது, “எங்க ஊர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?” என்று ஊர் பேரை முழுசாகச் சொல்லித்தான் கேட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளிடம் பேசும்போது மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

அது எப்படி என்று கண்டுபிடித்துவிட்டேன், மாமா. உங்களுக்குக் கேட்காது என்பதால் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். பலகையில் இருக்கிறபடி சொன்னால் உதடு இரண்டு தடவை சேரும். இவர்கள் நடு எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள், உதடு ஒரு தடவைதான் சேர்கிறது. கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே எதிரில் நிற்பவர்கள் எந்தப் பேரைச் சொல்கிறார்கள் என்று வாயைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அறையில் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் விட்டேன். நாளையிலிருந்து மைக்கில் அப்படித்தான் சொல்லப்போகிறேன். நாமும் ஒட்டிக்கொள்வோமே!

உங்கள் மருமகள்


பிப்ரவரி 10

மருமகளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இப்போதே எழுதித் தபாலில் போடுகிறேன். எல்லோரும் சௌக்கியம்.

ஊர் பேரைப் பலகையில் இருக்கிறபடியே சொல். அவர்கள் சொல்கிற மாதிரி நீ சொல்ல வேண்டாம். மைக்கில் வேண்டவே வேண்டாம்.

மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் இல்லை. உங்கள் கடிதம் கிடைத்தபோது காரியம் கெட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஏழாம் தேதி காலை ஆறே கால் பஸ்ஸுக்கு, கொஞ்சம் பெருமையோடுதான், குறுக்கிச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். ஒரு கிழவர் என் கண்ணாடிக்கு எதிரில் வந்து நின்று, மைக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் விஷயம் புரியாமல் அன்று முழுக்க நூற்றுப் பத்துத் தடவை அதையே சொல்லித் தொலைத்திருக்கிறேன். மறுநாள் டிப்போ மேனேஜர் மேஜையில் புகார். இருபத்தாறு கையெழுத்து. ‘வெளியூரிலிருந்து வந்த அம்மா எங்கள் பேச்சை ஒலிபெருக்கியில் கேலி செய்கிறார்.’

இங்கே ஒரு கண்டக்டர் இருக்கிறார். எதற்கும் ஒரே ஒரு விசில்தான் கொடுப்பார், அதனால் அவருக்கு ஒத்த விசில் என்றே பேர். அவர்தான் உட்காரவைத்துச் சொன்னார்: “அது வீட்டுப் பேரும்மா. நாங்க எங்களுக்குள்ள சொல்லிக்கிறது. வெளி ஆளுங்ககிட்ட முழுசா சொல்லுவோம், அது விருந்தாளிப் பேர். அது ஒரு மரியாதை. விருந்தாளி வந்து நம்ம பேரை வீட்டுப் பேராச் சொன்னா, நம்மளைப் பழிக்கிற மாதிரி இருக்காதா?” இதற்கு முன்னால் ஒரு மேனேஜர் இருந்தாராம். குடித்துவிட்டு அப்படித்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். அந்தக் காயம் வேறு.

“வெளியூர்க்காரங்க எத்தனை வருஷம் இருந்தா சொல்லலாம்?” என்று கேட்டேன். “வருஷக் கணக்கெல்லாம் இல்ல. எங்களில் ஒருத்தர் உங்ககிட்ட வீட்டுப் பேரைச் சொல்லிப் பேசினா, அன்னியிலிருந்து நீங்களும் சொல்லலாம். மருமகளா வந்தவங்கன்னா பிரச்சினையே இல்ல, முதல் நாளே சொல்லலாம்” என்றார்.

மருமகளாக வந்தவள் என்றால் முதல் நாளே சொல்லலாமாம், மாமா. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு யோசியுங்கள். விசாரணை வைக்கப்போகிறார்கள். புகார் நிரூபணமானால் நான் மறுபடி கவுன்டருக்குத்தான் போக வேண்டும், ஒன்பது வருஷம் காத்திருந்தது வீண். நான் இன்னார் வீட்டு மருமகள் என்று ஒரு வார்த்தை சொன்னால் இருபத்தாறு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். சொல்லட்டுமா? உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருமகள்


ஏப்ரல் 3

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. சௌக்கியம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், புதுக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். தூரத்தில் இருப்பது எல்லாம் நன்றாகத் தெரிகிறது. எதிர் வீட்டு மாடியில் காயும் துணியில் பொத்தான் இல்லாதது வரை தெரிகிறது. குழாய் சரியாகிவிட்டது. நீ சொன்ன இடத்தில்தான் வாளி வைத்தேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீ ஒழுங்காக வேலை செய்கிறவள், உனக்கு ஒன்றும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஏணியில் ஏறினார் என்று எழுதியிருந்தாயே, அந்த மைக் செட் கடைக்காரருக்கு என்ன வயசு இருக்கும்? இடது கைச் சுட்டுவிரல் எப்படி இருக்கிறது? மடங்குகிறதா என்று பார்த்து எழுது.

மாமா


ஏப்ரல் 16

மாமாவுக்கு,

நான் நலம். கண்ணாடி நன்றாகத் தெரிவது பற்றிச் சந்தோஷம்.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு. ஐந்து வாரம் தினமும் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவரே என் அறைப் பக்கம் வராமல் சுற்றிப்போக ஆரம்பித்துவிட்டார். வந்த கடிதத்தில் பொத்தானும் வாளியும். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, மறைப்பானேன்!

சரி, கேட்டதற்குப் பதில். எழுபத்தைந்துக்குக் குறையாது. இடது கைச் சுட்டுவிரல் மடங்காது. ஸ்க்ரூ திருகும்போது அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. முழுக்கத் தீப்பட்ட தோல். இதையெல்லாம் பார்க்கத்தான் நேற்று ஒயர் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மைக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டேன். பாவம், வந்து பார்த்து, “அம்மா, ஒயர் தானாக் கழலாது” என்று மட்டும் சொன்னார். மேஜையில் உங்கள் உறை கிடந்தது. அதன் மேல் டெஸ்டரை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். காசு வேண்டாம் என்று போய்விட்டார்.

விசாரணை மே 12. கவலைப்படாதீர்கள், நான் வாய் திறக்க மாட்டேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், கவுன்டருக்குப் போனாலும் சரி. ஆனால் எதற்காகப் போகிறேன் என்று தெரிந்துகொண்டு போகிற பாத்தியதை எனக்கு உண்டு. அவர் யார்?

மருமகள்


ஏப்ரல் 28

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உடம்பு சௌக்கியம். உன் கோபம் நியாயம்.

அவர் என் அண்ணன். அந்தக் கடை எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தது. பத்து வருஷம் ஹாரன் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் என் காது போனது, உன் புருஷனிடம் காய்ச்சலில் போனது என்று சொல்லியிருக்கிறேன்.

மார்க்கெட் பக்கத்தில் ஒரு பொதுக்கூட்டம். ஒயர் இழுத்தது நான். அன்று சாயங்காலம் உன் மாமியாரைப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. சட்டை மாற்ற வேண்டும் என்ற அவசரம். ஒரு இணைப்பில் டேப் சுற்றாமல் முறுக்கிவிட்டு, கடைப் படுதாவுக்கு அடியில் செருகிவிட்டேன். அண்ணன் கம்பத்தில் ஹாரன் கட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குத் தெரியாது. கூட்டம் முடிகிற நேரத்தில் படுதா பிடித்துக்கொண்டது. முப்பத்தெட்டுக் கடை போனது. உயிர்ச்சேதம் இல்லை. அண்ணன் வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கினான், அந்த விரல் அப்படித்தான் போனது.

விசாரணைக்கு வெளியூர் அதிகாரி வந்தார். ஒயர் இழுத்தது யார் என்று என்னைக் கேட்டார். கல்யாணம் நிச்சயமாகி எட்டு நாள் ஆகியிருந்தது. அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அதிகாரியிடம், “ஆமாங்க” என்றான். மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். முப்பத்தெட்டுக் கடைக்காரரும் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

திரும்பி வந்த அன்று நான் கடை வாசலில் நின்றிருந்தேன். திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டான். ஊர் பேரை விருந்தாளிப் பேராக முழுசாகச் சொல்லி, “இங்க எத்தனை நாள் தங்கப்போறீங்க?” என்று கேட்டான். என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன். நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தப் பேரை எந்த விதமாகவும் நான் சொன்னதில்லை. வீட்டுப் பேர் சொல்ல உரிமை இல்லை, விருந்தாளிப் பேர் சொல்ல வாய் வரவில்லை.

என் வெட்கத்துக்காக உன்னை ஐந்து வாரம் காக்க வைத்தது தப்பு. விசாரணையில் சொல்லிக்கொள். யார் வீட்டு மருமகள் என்று சொல். ஒயர் இழுத்தது நான் என்பதையும் சேர்த்துச் சொல்.

மாமா


மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், நிஜமாகவே நலம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. மூன்றாவது தடவை அழுதேன். உங்கள் பிள்ளையிடம் காட்டவில்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணை டிப்போ மேனேஜர் அறையில் நடந்தது. இருபத்தாறு பேரில் பதினொரு பேர் வந்தார்கள், உட்கார நாற்காலி ஆறுதான். ஒலிபெருக்கியைப் பற்றிய புகார் என்பதால் பராமரிப்பவர் என்று உங்கள் அண்ணனையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் புகாரை வாசித்தார். நான் எழுந்து நின்றேன். சொல்வதற்கு எல்லாம் மனசில் வரிசையாக வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் அவர் கதவோரத்திலிருந்து பேசினார்.

“அந்தப் பொண்ணு எங்க வீட்டு மருமகள். அது சொல்லலாம்.”

அவ்வளவுதான். புகாரை எழுதியவர், “உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லையே?” என்றார். “தம்பி வீட்டு மருமகள் நமக்கும் மருமகள்தானே? இது என்ன கேள்வி?” என்றார் உங்கள் அண்ணன். கையெழுத்துப் போட்டிருந்த, அன்று என் கண்ணாடிக்கு எதிரில் வந்து நின்ற கிழவரே பேனாவை வாங்கித் தன் பேரை அடித்தார். மேனேஜருக்குப் பாதி புரியவில்லை, அவர் வெளியூர். ‘புகார் தள்ளுபடி’ என்று எழுதி முடித்துவிட்டார்.

வெளியே வந்து அவரிடம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உறையில் இருந்த கையெழுத்து. பத்து வருஷம் ரசீது எழுதின கை” என்றார். ஒயர் விஷயத்தை நான் சொல்லவில்லை, மாமா. அவர் அப்படி நின்று பேசிய இடத்தில் அதை நான் எடுத்துச் சொல்வது சரியாக இல்லை. அதை நீங்கள்தான் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

பிரியும்போது உங்களைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார். ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று.

உங்கள் மருமகள்


மே 20

மருமகளுக்கு,

சௌக்கியம். உன் வேலை தப்பியதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஊருக்கு எப்போது என்று கேட்டான் என்கிறாய். ‘ஊர்’ என்றானா, ஊர் பேரைச் சொல்லிக் கேட்டானா? பேரைச் சொன்னான் என்றால் எந்தப் பேர்? காதில் விழுந்தது விழுந்தபடி எழுது.

மாமா


மே 27

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இந்தக் கேள்வி வரும் என்று பயந்துதான் போன கடிதத்தில் மழுப்பி எழுதினேன். நீங்கள் விடவில்லை.

பேரைச் சொல்லித்தான் கேட்டார். “உங்க மாமனார் எப்ப வர்றாரு?” என்று, ஊர் பேரை முழுசாகச் சொன்னார். விருந்தாளிப் பேர். உதடு இரண்டு தடவை சேர்ந்தது. என்னிடம் மற்ற எல்லாவற்றையும் வீட்டுப் பேரில் பேசியவர், உங்களைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அப்படிச் சொன்னார். பொய் எழுதியிருக்கலாம். மனசு வரவில்லை.

ஆனாலும் கேட்டார், மாமா. விருந்தாளியாகவாவது வரச் சொல்கிறார். ஜூன் 20 சனிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். பத்தரை மணி பஸ்ஸில் வந்தால் நானே இறக்கிக் கூட்டிப்போவேன். முழங்காலுக்குக் கடைசி ஸீட் வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும்.

உங்கள் மருமகள்


ஜூன் 24

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டு நாள் கத்தியது, இப்போது பரவாயில்லை. உன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று காலை காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தான், சர்க்கரை போட மறந்துவிட்டான்.

நீ என்னைக் கடை வாசலில் விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும்.

உள்ளே இருக்கிற ஸ்டூல் அதே ஸ்டூல். அண்ணன் வாங்க என்றான். ஊர் பேரைச் சொல்லி, பயணம் எப்படி இருந்தது என்கிற மாதிரி ஏதோ கேட்டான். உதடு இரண்டு தடவை சேர்ந்தது. நீ எழுதியது சரி. நான் உட்காரவில்லை. “ஒயர் இழுத்தது நான், அதிகாரிகிட்ட உன் பேரைச் சொன்னதும் நான்” என்றேன். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினேன். காது எப்படிப் போனது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு எழுந்துபோய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வாசல் ஹாரனை மார்க்கெட் பக்கம் திருப்பினான். மைக்கை ஸ்டாண்டில் மாட்டி என் முன்னால் வைத்தான். அளந்து நாலு விரல் தள்ளி வைத்தான், அந்த மடங்காத விரலையும் சேர்த்து நாலு. மனசுக்குள் இரண்டு எண்ணினேன். என் பேரையும் அப்பா பேரையும் சொல்லி, தீப்பிடித்த ஒயரை இழுத்தது நான், அண்ணன் இல்லை, அண்ணன் என் பொய்க்காக உள்ளே போனான் என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். உன் அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைக்காரர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற ஆறேழு பேர் வந்தார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார் என்று நினைக்கிறேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒன்றும் காதில் விழவில்லை, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இன்னொருவர் அண்ணனுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அண்ணன் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எனக்கும் அவருக்கும் டீ சொன்னான்.

ஒன்றரை மணி பஸ்ஸில் நீ என்னை ஏற்றிவிட்டு, அறிவிக்க வேண்டும் என்று கண்ணாடி அறைக்கு ஓடினாய். அண்ணன் ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தான். டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டார், பஸ்ஸே அதிர்கிறது. நல்ல காது உள்ளவனுக்கே கேட்காது. அண்ணன் தலையை நிமிர்த்தி என்னிடம் ஒரு வரி சொன்னான். எப்போது வருவாய் என்கிற மாதிரி இருந்தது. அதில் ஊர் பேர் இருந்தது. என்னிடம் புதுக் கண்ணாடி இருக்கிறது, நல்ல வெயில், மூன்றடி தூரம். அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைதான் சேர்ந்தது.

நீ அறைக்குள் இருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. அவனிடம் போய் விசாரிக்க வேண்டாம். நான் பார்த்ததே போதும்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். முன் ஸீட் போட்டு வைக்கச் சொல். கண்டக்டரிடம் டிக்கெட் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன், குறுக்கித்தான் கேட்பேன்.

மாமா